ஜனவரி இருபத்தைந்து வரைக்கும்

அம்பாரோவின் கையிலிருந்த அரிசிப் பாத்திரத்தை மிட்சுயே அத்தை வெடுக்கென்று பிடுங்கினாள். மூன்றாவது தண்ணீர் மாற்றும் நேரம் அது. கலங்கல் தண்ணீர் தளும்பி அத்தையின் கறுப்புப் பாவாடையில் கொட்டியது.

"இது தலைமாட்டுல வைக்கிற சோறுட்டி. வீட்டு ஆளுதான் ஆக்கணும். நீ போயி உன் பெட்டிய எடுத்து வை. மத்தியானம் வண்டி வருதுல்லா?"

அம்பாரோ குனிந்து, தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரியிலிருந்து சின்ன மண்சட்டி ஒன்றை எடுத்து அடுப்பருகே வைத்தாள்.

"அலுமினியத்துல வச்சா அடிபிடிக்கும். கொஞ்சமா ஆக்கணும்னா அம்மா இதுலதான் ஆக்குவா" என்றாள். பிறகு ஓர் அடி தள்ளி நின்றுகொண்டாள். அடுக்களையை விட்டுப் போகவில்லை.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, சாவுச் செய்தி சொல்ல வேண்டியவர்களின் பட்டியலை எழுதிக்கொண்டிருந்த தமாகிக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சலாக வந்தது. அத்தைமேல் கொஞ்சம். அந்தப் பெண்மேல் அதிகம். பெற்ற மகளான தானே அம்மா என்று சொல்ல நாக்கு எழாமல் உட்கார்ந்திருக்கும்போது, எங்கிருந்தோ வந்த பதினேழு வயசுப் பெண் காலையிலிருந்து வாய்க்கு வாய் அம்மா, அம்மா என்கிறாள்.

அம்மா ஹிசாயோ முன்னறையில் பாய்மேல் விரித்த படுக்கையில், முகத்தில் வெள்ளைத் துணியோடு படுத்திருந்தாள். நேற்றுச் சாயங்காலம் நாலே கால் மணிக்கு ஊர் ஆஸ்பத்திரியில் உயிர் போனது. அப்பா பக்கத்தில் இருந்தார். அம்பாரோ பள்ளிச் சீருடையோடு கால்மாட்டில் நின்றிருந்தாள். ஓசாகாவிலிருந்து கிளம்பிய தமாகி அப்போது ரயிலில் இருந்தாள்.

இந்த யவடஹாமா ஊரில் மலைச்சரிவெல்லாம் ஆரஞ்சுத் தோட்டம். நவம்பர் கடைசி என்றால் பறிப்பு உச்சத்தில் இருக்கும். அப்பா ஷிகெரு விடிந்ததும் பெண்டாட்டியின் பக்கத்தில் ஊதுவத்தி கொளுத்தி வைத்துவிட்டு, கத்தரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டு மேலே தோட்டத்துக்குப் போய்விட்டார். யாரும் தடுக்கவில்லை. அந்த மனுஷருக்கு வேறு எங்கே போய் நிற்பது என்று தெரியாது.

அம்பாரோ வந்தது மார்ச் மாதக் கடைசியில். சிலி நாட்டின் தெற்கே ஏதோ துறைமுக ஊர். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் வந்த பெண். ஜனவரி இருபத்தைந்து வரை இந்த வீட்டில் தங்கி, கீழே இருக்கும் மேல்நிலைப் பள்ளியில் படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தமாகி பதினெட்டு வயசில் வீட்டை விட்டுப் போன வருஷத்திலிருந்தே அம்மா இப்படிப் பிள்ளைகளை ஏற்று வைத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டாள். தாய்லாந்துப் பையன், பின்லாந்துப் பெண், பிரேசில் பெண் என்று ஒன்பது பேர். சிலருடைய பெயர்கூடத் தமாகிக்குத் தெரியாது. எல்லோரும் மாடியில் தமாகியின் அறையில்தான் படுத்தார்கள். புத்தாண்டுக்கு வந்தால் தமாகி கீழே துணி அலமாரிக்குப் பக்கத்தில் படுக்க வேண்டியிருந்தது.

பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. நினோமியா. திட்டத்தின் உள்ளூர்ப் பொறுப்பாளர். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"இந்த நேரத்துல உங்களுக்கு மேல ஒரு பாரம் வைக்கக் கூடாதுங்க. ராத்திரி சொன்னேன்ல, ஓஸு ஊர்ல ஒரு குடும்பம் உடனே ஏத்துக்கத் தயாரா இருக்காங்க. ரொம்ப நல்லவங்க. பன்னிரண்டு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போயிடறேன். பொண்ணோட சாமான் மட்டும் கட்டி வெச்சிருந்தா போதும்."

"ரொம்ப உபகாரம்" என்றாள் தமாகி. உள்ளபடியே சொன்னாள். இன்றைக்கு அம்மாவின் பக்கத்தில் ராவிழிப்பு, நாளைக்குத் தகனம். அதற்கு நடுவே ஒரு வெளிநாட்டுப் பெண்ணுக்கு எதை எங்கே செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்க அவளால் முடியாது.

மாடிக்குப் போனாள். பெட்டி கட்டப்படவில்லை. கட்டிலுக்கு அடியில் காலியாகக் கிடந்தது. அம்பாரோ சீருடைப் பாவாடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"நேரமாச்சு அம்பாரோ. நான் கட்டித் தரட்டுமா?"

"நான் போகல அக்கா."

"நினோமியா சார் வராரு. ஏற்பாடு பண்ணியாச்சு."

"அவன் வந்தா காப்பி கொடுத்து அனுப்புதேன்."

வேறொரு நாளாக இருந்திருந்தால் தமாகி சிரித்திருப்பாள். இந்தப் பெண்ணுக்கு மரியாதைப் பேச்சே வராது. அடுக்களையிலும் ஆரஞ்சு தரம் பிரிக்கும் கொட்டகையிலும் அம்மாவிடம் கற்ற பாஷை. பள்ளித் தலைமை ஆசிரியரையே, "என்ன, சாப்டியா?" என்று கேட்டுவிட்டாள் என்று அம்மா ஒருமுறை சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

தமாகி அலமாரியைத் திறக்கத் திரும்பியபோதுதான் சுவரைப் பார்த்தாள். தன் பள்ளிக்கூடக் காலத்துக் கூடைப்பந்துப் படம் இருந்த இடம் முழுக்கத் துண்டுக் காகிதங்கள் ஒட்டியிருந்தன. கோணல் எழுத்தில் அம்பாரோவின் கை. ஒவ்வொன்றிலும் ஒரு பேச்சு, ஒரு அம்புக்குறி, அதன் அர்த்தம்.

'யோசிச்சுப் பாக்கேன்' என்றால் 'மாட்டேன்'.

'நீ உக்காரு, நான் பாத்துக்கிடுதேன்' என்றால் 'எந்திரிச்சு வா, உதவி செய்'.

'உங்க பிள்ளை நல்லாப் பாடுதானே' என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னால் 'சத்தம் தாங்க முடியல'.

'எனக்கு ஒண்ணுமில்ல' என்றால் 'இருக்கு'.

எல்லாவற்றுக்கும் பக்கத்தில் சிவப்புப் பென்சிலில் வட்டம். சரியான விடைக்குப் பள்ளியில் போடுவார்களே, அந்த வட்டம். அம்மாவின் சிவப்புப் பென்சில்தான். பழப்பெட்டியில் எண் போட வைத்திருந்தது. கடைசிச் சீட்டுக்கு மட்டும் வட்டத்தைச் சுற்றி இதழ் வரைந்து பூவாக்கியிருந்தாள்.

தமாகி அந்தக் கடைசிச் சீட்டை இரண்டு தரம் படித்தாள்.

செப்டம்பரில் ஒரு நாள் அம்மா கூப்பிட்டாள். இந்த வருஷம் காய் சின்னது, வெயில் போதவில்லை என்று கால் மணி நேரம் பேசினாள். பிறகு அதே குரலில் கணையத்தில் கட்டி இருக்கிறதாம் என்றாள். தமாகி உடனே ஓசாகாவுக்கு வரச் சொன்னாள். பெரிய ஆஸ்பத்திரி, நல்ல டாக்டர், தன் வீட்டிலேயே தங்கலாம். அந்தப் பெண்ணை வேறு வீட்டுக்கு மாற்றச் சொல்லி நினோமியாவிடம் தானே பேசுவதாகவும் சொன்னாள்.

"பத்து மாசம்னு சொல்லி ஏத்துக்கிட்டேன். பத்து மாசம்னா பத்து மாசம்தான்."

"ஊரார் பிள்ளைக்குச் சோறு கட்டிக் கொடுக்க உடம்புல தெம்பு இருக்கு, எங்கூட வர மட்டும் இல்லையாம்மா?"

"எனக்கு ஒண்ணுமில்லட்டி. அடுப்புல கொதி வந்துட்டு, வைக்கேன்" என்று அம்மா வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு தமாகி நாலு முறை வந்துபோனாள். நாலு முறையும் இரண்டு பேரும் மழையைப் பற்றியும் ஆரஞ்சைப் பற்றியும் பேசினார்கள்.

"அக்கா." அம்பாரோ இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். எட்டு நாளா யோசிக்கேன்."

"சொல்லு."

"சவப்பெட்டியில வைக்கிறதுக்கு முன்னால ஆளு வருவாங்கல்லா, ரெண்டு மணிக்கு. உடம்பு துடைச்சு, தலை சீவி, பவுடர் போட."

"ஆமா. அதுக்கென்ன?"

"அம்மாவுக்கு அது வேண்டாமாம். தலை மட்டும் நீ சீவணுமாம்."

தமாகி கட்டிலில் உட்கார்ந்தாள். "அம்மா அப்படிச் சொன்னாளா? நீ சரியாப் புரிஞ்சுக்கிட்டியா? அவ சொன்னதை அப்படியே சொல்லு. உன் வார்த்தையில வேண்டாம்."

அம்பாரோ கண்ணை மூடிக்கொண்டாள். பள்ளியில் மனப்பாடப் பகுதி ஒப்பிப்பவளைப் போல இரண்டு கையையும் பக்கவாட்டில் ஒட்டிவைத்து நின்றாள். வெளிவந்தது அவள் குரல்தான். ஆனால் இழுப்பும் நிறுத்தமும், வாக்கியத்தின் கடைசியில் மூச்சைத் தள்ளுகிற விதமும் வேறு ஒருத்தியுடையவை.

"ஏட்டி, நான் போயிட்டேம்னா எவளாவது ஒருத்தி கையுறையப் போட்டுக்கிட்டு வந்து என் தலையச் சீவுவா. அதெல்லாம் எனக்கு எதுக்கு? தமாகி சீவட்டும். அவ கை ஐஸ் கட்டி மாதிரி இருக்கும். இருந்துட்டுப் போவுது. சின்னதுல அவ தலை காக்காக்கூடு மாதிரி இருக்கும், பள்ளிக்கூடத்துக்கு நேரமாயிரும், நான் சடக்கு சடக்குன்னு இழுப்பேன், அவ கத்துவா. இப்ப அவ இழுக்கட்டும். நான் கத்த மாட்டேம்லா."

அறைக்குள் இஸ்திரிப் பெட்டி லேசாகச் சீறியது.

காக்காக்கூடு. முப்பது வருஷமாக அந்தச் சொல்லை யாரும் சொல்லித் தமாகி கேட்டதில்லை. அப்பாவுக்குக்கூட நினைவிருக்காது. எந்தப் பாடப்புத்தகத்திலும் அகராதியிலும் இருக்க வழியில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள் தமாகி. கேட்டது அந்தப் பெண்ணிடமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"நானும் கேட்டேன். 'உங்கிட்ட சொல்லுறது செடிகிட்ட சொல்லுற மாதிரிட்டி, உனக்குப் பாதி புரியாது, அதனால வாய் வருது'ன்னா. அக்காகிட்ட சொல்லட்டுமான்னு கேட்டதுக்கு, 'சொல்லாட்டியும் பரவால்ல'ன்னா." அம்பாரோ சுவரைக் காட்டினாள். "அப்படின்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். ஆனா நீ இந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் எங்கிட்டப் பேசவே இல்ல. எப்படிச் சொல்லுறது?"

அவள் காட்டிய இடத்தில் தமாகி கவனிக்காத இன்னொரு சீட்டு இருந்தது. 'சொல்லாட்டியும் பரவால்ல' என்றால் 'சொல்லு'.

தமாகி எழுந்தாள். ஜன்னலுக்கு வெளியே, மலைச்சரிவில், அப்பாவின் தொப்பி மரங்களுக்கு நடுவே தெரிந்தது. நின்ற இடத்திலேயே வெகுநேரமாக நிற்பது போலிருந்தது.

"இத்தனை நாளா அவ தலைய யாரு சீவுனது?"

"அவளேதான். போன மாசம் கை தூக்க முடியல. அப்புறம் நான். ரெண்டு மாசமாக் குளிப்பாட்டுறதும் நான்தான்."

"சீப்பு எங்க இருக்கு?"

"கண்ணாடிக்குக் கீழ ரெண்டாவது இழுப்பறை. மர சீப்பு. பிளாஸ்டிக்கு வேண்டாம், அது சுள்ளுன்னு இழுக்கும்."

இருவரும் இறங்கி வந்தபோது அத்தை மண்சட்டியிலிருந்து சோற்றைக் கிண்ணத்தில் குவித்துக்கொண்டிருந்தாள். அடிபிடிக்கவில்லை.

"அத்தை, ரெண்டு மணிக்கு வரவங்க துடைச்சு விடட்டும். தலை நான்தான் சீவுவேன்."

"நீ எதுக்குட்டி? அவுக சாமான் சட்டோட வருவாக. முகம் களையா இருக்க வேண்டாமா? நாலு பேரு வந்து பாக்குற இடம்."

"அம்மா கேட்டிருக்கா."

"யாருகிட்ட?" அத்தையின் பார்வை அம்பாரோ மேல் போய் நின்றது. "இவகிட்டயா? உப்பு எடுத்துட்டு வான்னா சீனிய எடுத்துட்டு வருவா. இவ பேச்சக் கேட்டா..."

"அது ஏப்ரல்ல" என்றாள் அம்பாரோ.

அத்தை சோற்றுக் கிண்ணத்துப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நினோமியா பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே வந்துவிட்டார். கறுப்புக் கோட்டு, கையில் ஜபமாலை. முன்னறையில் ஊதுவத்தி வைத்து, குனிந்து வெகுநேரம் கும்பிட்டார். கண் சிவந்திருந்தது. அவரும் ஹிசாயோவும் இருபது வருஷம் சேர்ந்து இந்தப் பிள்ளைகளுக்கு வீடு தேடியவர்கள். அப்பாவும் அதற்குள் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து, கை கழுவாமலே ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார்.

"பெட்டி எங்கம்மா?" என்றார் நினோமியா.

"கட்டல" என்றாள் தமாகி.

"பரவால்ல, நான் காத்திருக்கேன்."

"இல்ல சார். இவ போகல. ஜனவரி இருபத்தஞ்சு வரைக்கும்னு அம்மா ஒத்துக்கிட்டா. அதுவரைக்கும் இங்கதான் இருப்பா."

நினோமியா உள்ளங்கையால் கழுத்தைத் தடவினார். "உங்க நல்ல மனசு புரியுது. ஆனா அப்பா தனி ஆளு. வீட்ல ஒரு பெண் இல்லாம பதினேழு வயசுப் பொண்ண விட எங்க விதி இடம் கொடுக்காது. நான் அவ அம்மா அப்பாவுக்குப் பதில் சொல்லணும்ல?"

"நான் இருக்கேன்."

சொன்ன பிறகுதான், சொன்னது என்ன என்று தமாகிக்குத் தெரிந்தது. ஓசாகாவில் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் அவளுக்கு ஒரு மேசையும் ஒரு ஜன்னலும் இருந்தன. பதினாறு வருஷமாக மற்றவர்களின் கடைவாய்ப் பற்களை மெழுகில் செதுக்கிக்கொண்டிருக்கிறாள். அந்த ஜன்னலோர இடத்துக்கு மூன்று பேர் காத்திருக்கிறார்கள்.

"உங்க வேலை ஓசாகாவுல..."

"ஒரு நிமிஷம்."

நடைக்குப் போய் நின்றபடியே மேலாளரைக் கூப்பிட்டாள். கதவு திறந்திருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "ஆமா சார், நேத்து சாயங்காலம்... நன்றி சார்... அஞ்சு நாள் இல்ல. ஒன்பது வாரம்... ஆமா, ஒன்பது... தெரியும் சார். இடம் போனா போகட்டும். திரும்பி வந்து கதவு பக்கத்துல உக்காந்துக்கறேன்... இல்ல சார், யோசிக்க எதுவும் இல்ல. இப்பவே சொல்றேன்."

திரும்பி வந்து மண்டியிட்டு உட்கார்ந்தாள். நினோமியா அப்பாவைப் பார்த்தார். வீட்டுத் தலைவர் அவர்தானே, கையெழுத்து அவருடையதுதானே.

அப்பா தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகத்தில் ஆரஞ்சுத் தோலின் மஞ்சள் ஏறியிருந்தது.

"குப்பை என்னிக்கு எடுக்காங்கன்னு எனக்குத் தெரியாது" என்றார்.

நினோமியாவுக்கு விளங்கவில்லை. "என்னங்க?"

"எரியிறது ஒரு நாள். போத்தல் ஒரு நாள். பிளாஸ்டிக் வேற. ஹிசாயோதான் பாப்பா. இப்ப இந்தப் பிள்ளைக்குத் தெரியும். எனக்குச் சுத்தமாத் தெரியாது." கையை முழங்காலில் துடைத்துக்கொண்டார். "இருக்கட்டும்."

"செவ்வாய், வெள்ளி எரியிறது" என்றாள் அம்பாரோ. "இன்னைக்கு வெள்ளி. காலையில நான் போட்டுட்டேன்."

நினோமியா சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு மடித்து மறுபடியும் உள்ளேயே வைத்தார். "ஓஸு வீட்டுக்காரங்ககிட்ட நான் மன்னிப்பு கேட்டுக்கறேன்" என்றார். எழுந்தபோது அம்பாரோ அவரிடம், "காப்பி குடிச்சிட்டுப் போ" என்றாள். அவர் குடித்துவிட்டுத்தான் போனார்.

இரண்டு மணிக்கு வந்த பெண்கள் இருவரும் பழகிய கையோடு வேலை செய்தார்கள். போர்வையை விலக்காமலே உடம்பைத் துடைத்தார்கள். வெள்ளை உடுப்பை, இறந்தவர்களுக்குக் கட்டுகிற முறையில் வலப்பக்கம் மேலே வரும்படி மாற்றிக் கட்டினார்கள். பிறகு அவர்களில் மூத்தவள் பின்னால் நகர்ந்து, "நீங்க வாங்க" என்றாள்.

அம்மாவின் முடி நினைத்ததைவிட மெல்லியதாக இருந்தது. மூன்று மாதமாய்ச் சாயம் போடாததால் வகிட்டில் இரண்டு விரல்கடை வெளுப்பு. தமாகி சீப்பை நெற்றியில் வைத்தாள். நெற்றியும் அவள் கையும் ஒரே குளிர்ச்சியாக இருந்தன. முதல் இழுப்பு சுலபமாக வந்தது. காதுக்குப் பின்னால், இவ்வளவு நாள் தலையணையில் அழுந்திக் கிடந்த இடத்தில், சிக்கு இருந்தது.

தமாகி நிறுத்தினாள். அத்தை எட்டிப் பார்த்தாள். அப்பா தலையைத் திருப்பிக்கொண்டார்.

"இழு அக்கா" என்றாள் அம்பாரோ.

தமாகி முடியை வேர்ப்பக்கமாக இடது கையில் பிடித்துக்கொண்டு இழுத்தாள். சடக்கென்றது. இன்னொரு தரம் இழுத்தாள். சிக்கு விட்டது. காதுக்குப் பின்னால் முடி ஒழுங்காகப் படிந்தது. அவள் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு அம்மாவின் காலரில் விழுந்தது. அதை யாரும் துடைக்கவில்லை.

முடித்துச் சீப்பைக் கீழே வைத்தபோது அம்பாரோ குனிந்து அம்மாவின் நெற்றியில் முத்தமிட்டாள். அத்தை "ஐயையோ" என்று மெல்லச் சொன்னாள். இந்த ஊரில் உயிரோடு இருப்பவர்களையே யாரும் அப்படித் தொடுவதில்லை. அம்பாரோ நிமிர்ந்து, "எங்க வீட்ல இப்படித்தான்" என்றாள். மன்னிப்புக் கேட்கிற தொனியும் இல்லை, சண்டைக்கு நிற்கிற தொனியும் இல்லை. அப்பா மூலையிலிருந்து, "அவளுக்குப் பழக்கம்தான். தினம் பள்ளிக்கூடம் போகும்போது கொடுக்கிறதுதானே" என்றார். தமாகி அவரைப் பார்த்தாள். அவர் அதையெல்லாம் கவனித்திருக்கிறார்.

அன்று மாலை வந்தவர்களுக்கு அம்பாரோதான் செருப்பைத் திருப்பி வைத்தாள், தேநீர் ஊற்றினாள். சீருடைக்கு அவள் வெள்ளைக் காலுறை போட்டிருப்பதைப் பார்த்த அத்தை ஒன்றும் சொல்லாமல் வெளியே போனாள். அரை மணி கழித்து வந்து, கடைப்பை ஒன்றை அவள் மடியில் போட்டாள். உள்ளே கறுப்புக் காலுறை இருந்தது.

மறுநாள் எரியூட்டும் இடத்தில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார்கள். கூப்பிட்டார்கள். நீளத் தட்டு வெளியே வந்தது. இவ்வளவுதானா என்று தமாகிக்குத் தோன்றியது. வெள்ளையாக, சுத்தமாக, கொஞ்சமாக இருந்தது. ஊழியர் ஒருவர் தாழ்ந்த குரலில், இருவர் இருவராக ஜோடி சேர்ந்து, கால் பக்கமிருந்து எலும்பைக் குச்சியால் எடுத்து ஜாடியில் போடத் தொடங்கும்படி சொன்னார். அத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அப்பாவும் தமாகியும், அத்தையும் அவள் மகனும், அம்மாவின் தம்பியும் அவன் பெண்டாட்டியும்.

"சொந்தக்காரங்கதான் எடுக்கணும். பிள்ளை பாவம், பயந்துரும். வெளிய உக்காரட்டும்" என்றாள் அத்தை. இப்போது அதட்டல் இல்லை. உண்மையாகவே அந்தப் பெண்ணுக்காகத்தான் சொன்னாள்.

"பயமா இருக்கா?" என்று கேட்டாள் தமாகி.

"இருக்கு" என்றாள் அம்பாரோ. "எடுக்கேன்."

"அப்பா, கழுத்தெலும்பு நீங்களும் நானும் எடுப்போம், கடைசியில. முதல்ல நானும் இவளும்." தமாகி அத்தையைப் பார்த்து, "அத்தை, கடைசி ரெண்டு மாசம் இவதான் குளிப்பாட்டுனா" என்றாள்.

அத்தை ஒதுங்கி வழிவிட்டாள்.

குச்சிகள் நீளமாக இருந்தன. ஒன்று மூங்கில், ஒன்று வேறு மரம்; ஜோடி சேராத ஜோடி. அம்பாரோ குச்சியைச் சரியாகப் பிடித்துக்கொண்டாள். ஆனால் தட்டருகே வந்ததும் கை நின்றுவிட்டது.

"என்ன?"

"சாப்பிடும்போது ஒரே பண்டத்த ரெண்டு பேரு குச்சியால எடுக்கக் கூடாது. எடுத்தா அம்மா கையில அடிப்பா."

"ஏன்னு சொன்னாளா?"

"சொல்லல. அப்புறம் தெரியும்னா."

"இதுக்காகத்தான்" என்றாள் தமாகி. "இங்க மட்டும்தான் அப்படி எடுக்கலாம்."

இரண்டு ஜோடிக் குச்சிகளும் ஒரே துண்டை இரண்டு பக்கமும் பிடித்தன. கால் எலும்பு. கனமே இல்லை. அழுத்தினால் உடைந்துவிடும், விட்டால் விழுந்துவிடும். ஒருவர் கை போகும் வேகத்துக்கு மற்றவர் கை போயாக வேண்டும். தமாகியுடையது மெழுகில் பல் செதுக்கும் கை, நடுங்காது. இப்போது நடுங்கியது. அந்தப் பக்கத்துக் குச்சி அந்த நடுக்கத்துக்கு ஏற்பத் தானும் நின்று, நகர்ந்து, கூடவே வந்தது. ஜாடிக்குள் துண்டு விழுந்தபோது பீங்கானில் மெல்லிய சத்தம் கேட்டது. அம்பாரோ மூச்சை விட்டாள். குச்சியை இரண்டு கையாலும் தாங்கி அடுத்த ஆளிடம் கொடுத்தாள்.

ஞாயிறு முழுக்க ஆட்கள் வந்து போனார்கள். அப்பா தோட்டத்துக்குப் போனார். அத்தை வீட்டைக் கூட்டிப் பெருக்கித் துடைத்துவிட்டு, சாயங்காலம் தன் வீட்டுக்குப் போனாள். போகும்போது, "பெரியவ இருக்கா, சின்னவ இருக்கா, பாத்துக்கிடுங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை ஆறு மணிக்குத் தமாகி அடுக்களையில் நின்றாள். பள்ளிக்கூடத்துக்கு மதியச் சாப்பாடு கட்ட வேண்டும். ஓசாகாவில் பதினாறு வருஷமாகக் கடையில் வாங்கித் தின்றவள். சோறு குழைந்து போனது. கீரை வெந்தது பரவாயில்லை. முட்டையை அடித்துச் சதுரச் சட்டியில் ஊற்றிச் சுருட்டும்போது தீ கூடிவிட்டது. உள்ளே மஞ்சளும் வெளியே ஒரு பக்கம் நல்ல கறுப்புமாக வந்தது. அதையே துண்டு போட்டுப் பெட்டியில் வைத்தாள்.

அப்பா மேசையில் உட்கார்ந்து எதுவும் பார்க்காதவர் போல மிசோ சூப்பை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

அம்பாரோ சீருடையில் இறங்கி வந்தாள். முடி இன்னும் ஈரமாக இருந்தது. மேசைமேல் திறந்திருந்த பெட்டியைப் பார்த்தாள். தமாகி அடுப்பைத் துடைப்பதுபோல முதுகைக் காட்டி நின்றாள். என்ன சொல்லப் போகிறாள் என்று காது மட்டும் பின்னால் இருந்தது.

பெட்டியில் குச்சி படும் சத்தம் கேட்டது. தமாகி திரும்பினாள்.

அம்பாரோ குச்சியை எடுத்து, முட்டைத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, கருகிய பக்கம் அடியில் போகும்படி அடுக்கிக்கொண்டிருந்தாள். நாலு துண்டையும் அடுக்கி முடித்தாள். மூடியை வைத்து அழுத்தி, துணியில் கட்டி, பைக்குள் போட்டுக்கொண்டாள்.